பிறை இல்லாத 6308

எனக்குத் தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். மெதுவாக எழுதவும் வரும். இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனாலும் சிவகாசியில் நான் வேலை பார்த்த லேத் பட்டறையில், ஒரு பேரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு, இது எந்த மிஷினுக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமையான வேலையிலேயே ஒரு நாள் நான் தவறினேன். அதையும் நானே சொல்லிவிடுவதுதான் சரி.

தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள் நான். கல்யாணமான பிறகு பட்டறைக்கு வந்தேன். அச்சகங்களிலிருந்தும் தீப்பெட்டிக் கம்பெனிகளிலிருந்தும் வரும் மிஷின் சாமான்களைச் சீமெண்ணெயில் கழுவித் துடைப்பது என் வேலை. அதில் அதிகமாக வருவது பேரிங். சுழலுகிற தண்டும் அதைத் தாங்குகிற இரும்புக் கூடும் உரசாமல் இருக்க நடுவில் உட்கார்கிற சாமான் அது. உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையில் எஃகுக் குண்டுகள் ஓடும். கழுவக் கழுவ அழுக்குப் போய் விளிம்பில் எண்கள் தெரியும். 6204, 6205, 6308 என்று இருக்கும். அதை எல்லோரும் விலாசம் மாதிரி நினைத்தார்கள். ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

6 என்று தொடங்கினால் ஒரே வரிசைக் குண்டு. அது முதலில் புரிந்தது. பிறகு 6208-ஐயும் 6308-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டுக்கும் நடு ஓட்டை ஒன்றே. ஆனால் 63 என்று தொடங்குவது தடித்தது, பாரம் தாங்குவது. கடைசி இரண்டு எண்தான் என்னை ஒரு மாசம் அலைக்கழித்தது. ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அளவுக் கருவியை எடுத்து ஓட்டையை அளந்தேன். 04-க்கு இருபது மில்லி. 05-க்கு இருபத்தைந்து. 08-க்கு நாற்பது. ஐந்தாம் வாய்ப்பாடு! எனக்கு முழுசாகத் தெரிந்த வாய்ப்பாடு அது ஒன்றுதான். 03-லிருந்து கீழே இருக்கிற நாலும் மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. அவற்றைத் தனியே மனப்பாடம் பண்ணினேன். அதற்குப் பிறகு முதலாளி என்னைக் கழுவுகிற தொட்டியிலிருந்து எழுப்பி, ஸ்டோர் சாவியைக் கையில் கொடுத்தார்.

இனிமேல் சொல்லப்போவதற்கு இன்னொன்று தெரிய வேண்டும். எண்ணுக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு குறி வரும். சில பேரிங்கில் எண் முடிந்ததும் மூன்றாம் பிறை மாதிரி ஓர் எழுத்து, அதை ஒட்டி ஒரு 3 இருக்கும். முதன்முதலில் அப்படி ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினேன். உள்ளே லேசாகக் கிலுகிலுத்தது. பழுது என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "அது பொறக்கும்போதே தளர்வுதாம்மா. சூடு ஏறுற எடத்துக்குன்னே அப்படிச் செஞ்சு விடுறான்" என்றார். எனக்கு உடனே பிடிபட்டது. புது பேரிங்கை எண்ணெயில் சூடாக்கித்தான் தண்டில் ஏற்றுவார்கள். சூட்டில் வளையம் விரியும் என்று கண்ணால் பார்த்தவள் நான். வேகமாக ஓடுகிற தண்டில் உள் வளையம் விரிந்து குண்டுகளை நெருக்கும். முன்னாலேயே இடம் விட்டு வைத்திருந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் இறுகும், இறுக இறுகச் சூடு கூடும், சூடு கூடக் கூட இன்னும் இறுகும். வெளியே பார்த்தால் பிறை உள்ளதும் இல்லாததும் ஒன்றே. அளந்தாலும் ஒன்றே. தண்டில் ஏற்றினால் இரண்டும் அச்சாகப் பொருந்தும்.

அதனால் ஸ்டோரில் ஒரு முறை வைத்திருந்தேன். அட்டைப்பெட்டி மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி, பெட்டியைத் திறந்து, துடைத்து, இரும்பில் இருக்கிற எண்ணைப் பார்த்து, காதருகே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கொடுப்பேன். அவசரம் என்று குதித்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவருக்கும் நான் அசைந்தது கிடையாது.

என் வீட்டுக்காரர் அப்போது அச்சங்குளம் போகும் பாதையில் ஒரு கந்தக அரவை மில்லில் இருந்தார். பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கந்தகக் கட்டியை மாவாக அரைத்துக் கொடுக்கிற மில். அவர்தான் மிஷினில் கட்டியைப் போடுகிறவர். வீட்டுக்கு வந்தால் காதுக்குள்ளும் இமை மயிரிலும் மஞ்சளாக இருக்கும். சோற்றில்கூட அந்த வாடை அடிக்கும். அந்த வருஷம் சரஸ்வதி பூசைக்கு முந்தின நாள் மில்லில் ஒரு பேரிங் போய்விட்டது. தீபாவளிக்கு இருபது நாள்தான் இருந்தது. மில் நின்றது.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். பூசையன்று எனக்கு லீவு. முதலாளி பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார். பட்டறையில் அன்றைக்கு லேத், ரம்பம், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஸ்டோரில் உள்ள புதுச் சாமான்களையும் வைப்பது உண்டு. ஆனால் மற்ற வருஷங்களில் பெட்டியோடு வைப்பார்கள். அந்த வருஷம் முதலாளி வீட்டம்மா, "சாமி பாக்கணும்னா இரும்பப் பாக்கட்டும், அட்டைப்பெட்டியப் பாத்து என்ன செய்யும்?" என்று சொல்லி, ஒன்றுவிடாமல் பெட்டியிலிருந்து எடுத்து வாழையிலையில் பரப்பச் சொல்லியிருக்கிறார்கள். பூசை முடிந்ததும் லேத்துக்காரர்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெட்டியில் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை ஸ்டோரைத் திறந்தபோது அலமாரி சுத்தமாக இருந்தது. பெட்டிகள் என் கையால் அடுக்கினது போல வரிசையாக இருந்தன. பெட்டிகளின் மேல் ஆளுக்கொரு குங்குமப் பொட்டு.

எட்டு மணிக்கே எங்கள் பட்டறை ஃபிட்டர் வந்து நின்றார். சாத்தூர் பஸ் கிளம்பப் போகிறது, அவர் கந்தக மில்லுக்குப் போக வேண்டும். என்னை மதினி என்று கூப்பிட்டு வாயடிக்கிற ஆள்.

"மதினி, சீக்கிரம் எடுங்க. அண்ணாச்சி அங்கன மில்லு வாசல்ல கையக் கட்டிட்டு உக்காந்திருக்காக. ரெண்டு நாளா உங்க சோத்த மூணு வேளையும் தின்னு மெலிஞ்சு போனாக."

"உங்க நாக்கு மெலியல, அது போதும்" என்று சொல்லிக்கொண்டே, மில்லுக்கு ஆகிற பிறை போட்ட 6308 பெட்டியைத் தேடினேன். பெட்டி மேல் 6308 இருந்தது, பிறை இருந்தது, 3 இருந்தது. தெருவில் பஸ் ஹாரன் அடித்தது. திறக்கக் கை போனது. ஃபிட்டர், "பொட்டு வச்சிருக்கு மதினி, அழிச்சிராதீக, சாமி கோவிச்சுக்கிரும்" என்று சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடினார். நானும் விட்டுவிட்டேன். அவர் பிடுங்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.

பதினொன்றரை இருக்கும். ஓர் அச்சகத்திலிருந்து ஆள் வந்தார். தாள் வெட்டுகிற மிஷினுக்கு வால் இல்லாத சாதா 6308 வேண்டும். காலண்டர் தாள் வெட்டாமல் கிடக்கிறதாம். இந்த முறை பெட்டியைத் திறந்தேன். விளிம்பு முழுக்கச் சந்தனம் காய்ந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. இரும்பில் ஈரத்தைப் பூசினால் துரு ஏறாதா? சீமெண்ணெய்த் துணியால் தேய்த்தேன். 6308 வந்தது. இன்னும் தேய்த்தேன். பிறை வந்தது. அதன் பக்கத்தில் 3.

ஆட்டிப் பார்த்தேன். கிலுகிலுத்தது.

ஸ்டோரில் 6308 மொத்தமே இரண்டுதான். இது இங்கே இருந்தால் அது அங்கே. காலையில் போனது பிறை இல்லாதது. அது இந்நேரம் கந்தக மில்லில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று என் வீட்டுக்காரர் கட்டி போட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்னக்கா, பேரிங்கப் பாத்து செலையா நின்னுட்டீக?" என்றார் அச்சகத்துக்காரர். முதலாளி விருதுநகர் போயிருந்தார். மில்லில் போன் கிடையாது. பேரிங்கை ஒரு துணியில் முடிந்து, ஸ்டோரைப் பூட்டிவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்று கேட்பார்கள். சொல்ல வேண்டி வரும்.

பஸ் நின்றது, கிளம்பவில்லை. மேலே தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பண்டலும் கூரையில் விழும் சத்தம் என் தலையில் விழுந்தது. கந்தகத்தைப் பற்றி என் வீட்டுக்காரர் எப்போதோ சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. கந்தகம் முதலில் எரியாது, உருகும். வெல்லப்பாகு மாதிரி பளபளவென்று உருகி வழியும். அதற்கு மேல் சூடு போனால்தான் பற்றும். பற்றினாலும் பகல் வெளிச்சத்தில் அந்த நீலச் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மூச்சு அடைக்கும்போதுதான் தெரியும். காற்றில் மாவு பறக்கிற இடத்தில் பற்றினால் ஓடக்கூட நேரம் இருக்காது. இதை அவர் ஒரு நாள் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

கண்டக்டரிடம், "இன்னும் எம்புட்டு நேரம்?" என்று கேட்டேன். "உள்ள உக்காந்திருக்கிற நீங்களே நடந்து போயிருந்தா இந்நேரம் போயிருக்கலாம்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

இறங்கும்போது ஒரு மணி ஆகியிருக்கும். பாதையிலிருந்து மில் ஒரு கூப்பிடு தூரம். சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டுதான் இருந்தது. காது கொடுத்து நடந்தேன். சத்தத்துக்குள்ளே மெல்லிசாக ஒரு சீறல் இருந்தது, பால் பொங்குவதற்கு முன்னால் பாத்திரம் பாடுமே அப்படி.

வாசலில் காவல்காரர் தடுத்தார். "சாவிக்கொத்த இங்கன வச்சிட்டுப் போங்க. அந்த முடிச்சு என்ன? இரும்பா? அதுவும் போகக் கூடாது."

"மில்லே இரும்புதான அண்ணாச்சி?"

"அது உள்ளயே இருக்குற இரும்பு. இது வெளி இரும்பு."

சாவியையும் பேரிங்கையும் அவர் காலடியில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். ஷெட் வாசலில் மேஸ்திரி நின்றார். மில்லில் அவர் சொன்னால்தான் மிஷின் ஓடும், நிற்கும். அவர் பக்கத்தில் எங்கள் ஃபிட்டர், கையில் ஒரு வாளித் தண்ணீரோடு. உள்ளே என் வீட்டுக்காரர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, மஞ்சள் புகை மாதிரி பறக்கிற மாவுக்கு நடுவே முதுகைக் காட்டி நின்றார்.

"மிஷின நிறுத்துங்க" என்றேன்.

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரும்மா நீங்க, நிறுத்தச் சொல்றதுக்கு?"

ஃபிட்டர், "அண்ணாச்சி சம்சாரந்தான். எங்க ஸ்டோர் மதினி. என்ன மதினி, சோறு கொண்டாந்தீகளா?" என்றார்.

"பேரிங் மாறிப்போச்சு. அது இந்த மில்லுக்கு ஆகாது. இறுகிப் போகும்."

"அதெப்படி ஆகாமப் போகும்? நாந்தான போட்டேன். வெண்ணையில கத்தி போன மாதிரிப் போயி உக்காந்துச்சு. புதுப் பேரிங்கு, கொஞ்சம் சுடத்தான் செய்யும். ஒரு வாளி ஊத்துனா அடங்கிரும்" என்று வாளியைத் தூக்கினார்.

நான் வாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். "ஊத்தாதீக! வெளிய குளுந்தா இரும்புக் கூடும் வெளி வளையமும் சுருங்கும். உள்ள இருக்கிறது விரிஞ்சு கெடக்கு. நசுங்கிப் போகும்."

அவர் ஓர் இழுப்பு இழுத்தார், நான் ஓர் இழுப்பு இழுத்தேன். பாதித் தண்ணீர் என் சேலையில் ஊற்றியது. மேஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது. மடியிலிருந்து காலி அட்டைப்பெட்டியை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது.

"இந்தா பாருங்க, நம்பரு. நாங்க கேட்டதுதான் எழுதியிருக்கு. நான் எட்டாங் கிளாஸ் வரைக்கும் இங்கிலீஷ் படிச்சவன். நீங்க எந்தக் காலேசு? சாயங்காலம் லோடு போகணும், லாரி வந்து நிக்குது. ஓரமாப் போங்க."

"பெட்டி சரிதான். உள்ள இருந்ததுதான் வேற."

"யாரு மாத்துனா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. பூசைக்காக எடுத்தார்கள், லேத்துக்காரர்கள் மாற்றிப் போட்டார்கள், நான் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை. எல்லாம் உண்மை. "பூசையில…" என்று தொடங்கவும் செய்தேன். தொடங்கினபோதே தெரிந்தது, அதைச் சொல்லி முடிப்பதற்குள் இந்த இரண்டு ஆண்களும் பத்துக் கேள்வி கேட்பார்கள். அவர்கள் தோளுக்கு மேலாக நான் பேரிங் உட்கார்ந்திருந்த இரும்புக் கூட்டைப் பார்த்தேன். மிஷின் முழுக்க மாவு படிந்து மஞ்சளாக, மங்கலாக இருந்தது. அந்தக் கூடு மட்டும் மினுங்கியது. அதன் அடி விளிம்பில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரியை விட்டுவிட்டு ஷெட்டுக்குள் பார்த்துக் கத்தினேன். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. "இங்கன பாருங்க! தப்பு என் மேலதான்! பெட்டியத் தெறந்து பாக்காமக் குடுத்தது நான்! நான் குடுத்தது தப்பு!"

மிஷின் சத்தத்தில் அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. திரும்பினார். மஞ்சளுக்குள் இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. கையில் இருந்த கந்தகக் கட்டியைக் கீழே போட்டார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. மேஸ்திரியைப் பார்க்கவும் இல்லை. நேரே பின்பக்க அறைக்குப் போய் மோட்டாரை அணைத்தார்.

"யாரக் கேட்டுய்யா அணைச்ச?" என்று மேஸ்திரி பாய்ந்தார்.

முகத்துத் துணியை இறக்கிவிட்டு அவர் சொன்னார்: "அண்ணாச்சி, இவளக் கட்டிப் பன்னெண்டு வருசமாச்சு. ஒரு நாளு ஒரு பொழுது தப்பு எம்மேலன்னு சொன்னவ இல்ல. கொழம்புல உப்பக் கொட்டிட்டுக்கூட, உங்க நாக்கு சரியில்லம்பா. அவ வாயில இது வருதுன்னா நான் ஏன் நிக்கணும் அங்கன?"

யாரும் சிரிக்கவில்லை. அந்த மில் அணைத்த பிறகும் வெகு நேரம் தானாகச் சுற்றி ஓய்வது வழக்கம். அன்று நாலைந்து சுற்றுச் சுற்றி, பன்றி கத்துவது போலக் கத்தி, பட்டென்று நின்றது. பெல்ட் கழன்று விழுந்தது. அதே நேரம் தொங்கிக்கொண்டிருந்த சொட்டின் ஓரத்தில் நீலமாக ஒன்று அசைந்தது. நகத்தளவுதான் இருக்கும். பெரிதாகிறதா, காற்றில் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றோம். என் வீட்டுக்காரர்தான் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு சாக்கை நனைத்து எடுத்துப் போய் மெதுவாக, மாவு கிளம்பாமல், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது போல அதன் மேல் போர்த்தினார். அதற்குள் புகை எங்கள் தொண்டையைப் பிடித்துவிட்டது. நாலு பேரும் வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு இருமினோம்.

ஆறின பிறகு ஃபிட்டர் கூட்டைப் பிரித்தார். கிரீஸ் கரியாகியிருந்தது. உள் வளையம் நீலம் பாய்ந்து கிடந்தது. அவரே துடைத்தார், அவரே பார்த்தார். 6308. அதற்குப் பிறகு வெறும் இரும்பு. அதை மேஸ்திரியிடம் நீட்டினார். மேஸ்திரி பெட்டியையும் இரும்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கசக்கி எறிந்தார். என்னைத் திட்ட அவருக்கு நியாயம் இருந்தது. திட்டவும் செய்தார். நான் கேட்டுக்கொண்டேன். ஃபிட்டர் குறுக்கே வந்து, "நானும் பெட்டியத் தெறந்தவன்தான அண்ணாச்சி. சந்தனத்தோட எடுத்துக் கண்ண மூடிட்டுத்தான் மாட்டுனேன்" என்றார்.

காவல்காரரின் காலடியிலிருந்து வெளி இரும்பு உள்ளே வந்தது. அதை ஏற்றி, கிரீஸ் வைத்து, பெல்ட்டைப் போட்டு மறுபடி ஓட விட்டபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. அன்றைய லோடு போகவில்லை. மேஸ்திரி என்னிடம், "அதான் மாத்தியாச்சே, போங்க. பஸ் வந்துரும்" என்றார்.

நான் போகவில்லை. எண் சரியாக இருந்தது, பிறையை என் கண்ணால் பார்த்தேன், காதருகே சுற்றியும் கேட்டேன். ஆனால் காலையில் பெட்டியைப் பார்த்தபோதும் இதே நிச்சயம்தானே எனக்கு இருந்தது? வேலி ஓரம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து உள்ளே போய்க் கூட்டின் மேல் உள்ளங்கையை வைப்பேன். முதல் தரம் குளிர்ந்திருந்தது. இரண்டாம் தரம் வெதுவெதுப்பு. மூன்றாம் தரம் சுட்டது. ஒன்று இரண்டு என்று எண்ணினேன், பதினைந்தில் கையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து உட்கார்ந்தேன். எழுந்திருக்கப் பயமாக இருந்தது.

வெயில் தாழ்ந்தபோது நாலாம் தரம் போனேன். வைத்தேன். சூடு இருந்தது, ஆனால் ஏறவில்லை; புதுக் கிரீஸ் படிந்து முன்னைவிடத் தணிந்திருந்தது. ஐம்பது எண்ணினேன். எழுபது எண்ணினேன். கைக்கு அடியில் குண்டுகள் ஓடுவது, மடியில் பூனை படுத்து உறுமுவது மாதிரி அதிர்ந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் கட்டி போட்டுக்கொண்டே துணிக்குள்ளிருந்து ஏதோ கேட்டார். சத்தத்தில் கேட்கவில்லை. இன்னொரு தரம் கத்தினார்:

"ஏ புள்ள, அது மேலயே தூங்கிட்டியா?"

நூறு வரைக்கும் எண்ணிவிட்டுத்தான் கையை எடுத்தேன்.